எம்டன் இரவில் ஆகாசவாணி பேசவில்லை

நவம்பர் 11 போர் நினைவு நாளையொட்டி ராயபுரம், காசிமேடு வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மீது குண்டு போட்ட இரவில் மெட்ராஸ் ஆகாசவாணி, அதாவது வானொலி, விடுத்த எச்சரிக்கையாம். தவறு.

எம்டன் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. மெட்ராஸ் வானொலி நிலையம் தொடங்கியதோ 1938 ஜூன் 16. அதற்கு முந்தைய ரேடியோ கிளப்கூட 1924-இல்தான் வந்தது. 1914-இல் கப்பல்களில் இருந்தது தீப்பொறிக் கம்பியில்லாத் தந்தி. அதில் குரல் போகாது. காதுக்கருவியில் நீளமும் குறுக்கமுமாக மோர்ஸ் என்ற தந்திக் குறிகளின் இரைச்சல்தான் கேட்கும். எச்சரிக்கையா? துறைமுக விளக்குகளையே அன்று அணைக்கவில்லை!

எம்டன் தேதிக்கு ஐகோர்ட் மதிலில் கல்வெட்டே இருக்கிறது, கோட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். நிலையம் தொடங்கிய தேதியை ஆகாசவாணி இணையதளத்தில் பார்க்கலாம். ஆடியோ வந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.