கடலோரத்தில் தண்ணீர் தெளித்துப் பயனில்லை
வெயிலுக்குக் கோழிக்கூண்டைச் சுற்றி மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது கோடையில் கோழி வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரை. கரூர், வேலூர் மாதிரி வறண்ட வெயிலுக்கு அது சரி. எங்கள் நாகப்பட்டினம் பக்கம் காற்றே பிசுபிசுவென்று இருக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். காற்றில் ஈரம் கூடக்கூட அந்த வழியும் அடைபடும். இங்கே தேவை காற்றோட்டம். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று, பக்கங்களில் கம்பிவலை, அவ்வளவுதான்.

தீனியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! தின்றது செரிக்கும்போது உடம்புச் சூடு ஏறும். அதனால் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுவதுதான் நல்லது. தண்ணீர் மண்சட்டியில், நிழலில். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் உச்சிக்கு முன்பே சுட ஆரம்பித்துவிடும்; கோழி அலகை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் முட்டை ஓடு மெலிந்து, எடுக்கும்போதே விரல் பட்டு நொறுங்கும். ஓடு உருவாகத் தேவையான கரியமில வாயு மூச்சிரைப்பில் அதிகம் வெளியேறுவதும் அதற்கு ஒரு காரணம். கிளிஞ்சல் தூள் போட்டும் ஓடு தேறவில்லை என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம், பாவம்.

சுருண்டு விழுந்த கோழியை ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணத் தண்ணீரில் காலையும் கொண்டையையும் நனையுங்கள்.