நான் கேட்டது ஒரே ஒரு தாள்

நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பாத்திரக் கடை முன் நான் நிற்க, கடைக்காரர் என்மேல் கத்தும் அந்த நாற்பது விநாடிக் காணொளியை இதற்குள் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வழங்கப்பட்ட 'பண்பாட்டு விரோதி', 'வெள்ளைக்காரனின் கையாள்' ஆகிய பட்டங்களையும் நன்றியுடன் பெற்றுக்கொண்டேன். காணொளியில் வெட்டப்பட்ட பகுதியை மட்டும் சொல்கிறேன். "இந்த இண்டாலியம் குக்கருக்கும் பித்தளைப் பானைக்கும் காரீயச் சோதனை அறிக்கை வைத்திருக்கிறீர்களா, பார்க்கலாமா?" என்று கேட்டேன். இண்டாலியம் என்பது அலுமினியக் கலவை, காரீயம் என்பது ஆங்கிலத்தில் லெட் எனப்படும் நச்சு உலோகம். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, பானையைத் தூக்கி எறியவும் இல்லை. நான் கேட்டது ஒரே ஒரு தாள்.

அந்தத் தாளைக் கேட்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. நாம் வாழும் வாஷிங்டன் மாநிலத்தில் சமையல் பாத்திரங்களிலுள்ள காரீயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2024இல் நிறைவேறி, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பத்து லட்சம் பங்கில் 90 பங்கு என்பது வரம்பு. அதைத் தாண்டிய பாத்திரத்தை உற்பத்தியாளர் இங்கே விற்கக் கூடாது. கடைக்காரர் 'தெரிந்தே' விற்கக் கூடாது. சிறு வணிகர்களின் மேல் இரக்கப்பட்டு வைத்த அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்தான் நம்மவர்களுக்கு நல்ல ஒளிவிடமாகிவிட்டது. மொத்த வியாபாரியிடம் கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் விற்க முடியாது, ஆகவே கேட்காமலே இருந்துவிடலாம். இதற்கு நம்பிக்கை என்றும் பாரம்பரியம் என்றும் பெயர் வேறு.

இது யாரோ என் காதில் ஓதிய கதை இல்லை. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்ட்டியில் (மாவட்டம்) குடியேறிய ஆப்கான் அகதிக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்டவர்கள், காரணம் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் அந்த வீடுகளின் அடுப்பங்கரை. அலுமினிய குக்கர்களிலும் பித்தளைப் பாத்திரங்களிலும் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்த்தபோது, பலவற்றிலிருந்து காரீயம் இறங்கியது. நம் வீட்டில் அந்த அமிலத்தின் வேலையைப் புளியும் தக்காளியும் செய்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கையில் 'இண்டாலியம்' என்ற பெயரே இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வீட்டாரின் பெயரைப் போலீஸ் பட்டியலில் கண்டதுபோல இருந்தது.

ஏனென்றால் என் வீட்டிலும் அது இருந்தது. திருமணமாகி வந்த ஆண்டு அம்மா பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுற்றிவைத்துக் கொடுத்த இண்டாலியக் கடாய். ஏழு ஆண்டுகள் அதில்தான் வத்தக்குழம்பு வைத்தேன். மகனுக்கு ஒரு வயதானபோது வழக்கமான பரிசோதனையில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் காரீயம் 7 என்று வந்தது. விரலில் ஒட்டிய அழுக்காக இருக்கலாம் என்று நரம்பிலிருந்து மறுபடி எடுத்தார்கள், 6.2. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். கேடு செய்யாத அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவுண்ட்டியிலிருந்து வந்த பெண்மணி ஜன்னல் சட்டம், விளையாட்டுப் பொருள், மசாலா டப்பா, கண்மை என ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும், துப்பாக்கி போன்ற எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கடாயின் அடியில் வைத்தார். திரையைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பாமலே, "இதை எவ்வளவு நாளாகப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். அன்றிரவு காணொளி அழைப்பில் விவரத்தைச் சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் உனக்கு விஷத்தையா குடுத்தனுப்பினேன்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? பழைய உலோகத்தை உருக்கி வார்த்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை அம்மா தன்னிடமே கேட்டுக்கொண்டார்.

"எங்கள் பாட்டி ஈயம் பூசிய பாத்திரத்தில் சமைத்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தார்" என்று குழுவில் எழுதிய அண்ணனுக்கு ஒரு சிறு விளக்கம். பாட்டி பூசியது வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். ரசம் வைத்த ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். நான் பேசுவது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பித்தளையைக் கடைவதற்கு எளிதாக்கச் சேர்ப்பதும், கழிவு உலோகத்தோடு அலுமினியத்துக்குள் கலந்துவிடுவதும் இந்தக் காரீயம். தவிரவும், பாட்டியின் இரத்தத்தை அப்போது யார் எடுத்துப் பார்த்தார்கள்? குழந்தையின் படிப்பையும் கவனத்தையும் ஓசையில்லாமல் குறைக்கும் பொருளுக்குப் பாட்டியின் வயதைச் சாட்சியாக நிறுத்துவது என்ன நியாயமோ.

"கலிஃபோர்னியாவில் எல்லாவற்றிலும்தான் புற்றுநோய் என்று ஒட்டியிருக்கிறது" என்ற நையாண்டியில் பாதி நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். அங்கே 1986இல் வந்த 65ஆம் முன்மொழிவு என்ற சட்டம் எச்சரிக்கையைக் கேட்கிறதே தவிரப் பொருளைத் தடுப்பதில்லை. வழக்குக்குப் பயந்து எல்லாவற்றிலும் ஒட்டிவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் நம் மாநிலச் சட்டம் வரம்பு வைக்கிறது. ஒட்டிவிட்டுத் தப்பிக்க வழியில்லை என்பதால்தானே இத்தனை கோபம்?

சிறு கடைக்காரர் ஆய்வகச் செலவுக்கு எங்கே போவார் என்ற கேள்வி ஒன்றுதான் என்னை உண்மையாகவே யோசிக்கவைத்தது. ஐந்து வகைப் பானையை இறக்குபவருக்கு அது சுமைதான். ஆனாலும் சோதனையை அவரே செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? அனுப்பியவரிடம் அறிக்கை கேட்கலாம், தர மறுப்பவரிடம் வாங்காமல் இருக்கலாம். விலையில் இரண்டு டாலர் குறைக்க மணிக்கணக்கில் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, இதைக் கேட்க மட்டும் நா எழவில்லை.

நம் பாத்திரங்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்பவர்களே, காரீயப் பெயின்டை வீடுகளுக்கு அடிப்பதை 1978இல் தடைசெய்த நாடு இது. காரீயம் கலந்த பெட்ரோலை எரித்ததும், மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரக் குழாய்களில் காரீயத் தண்ணீரை விட்டதும் இதே நாடுதான். அவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் காரீயம் இருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்த கேட்டை நாமும் நம் பிள்ளைகளுக்குச் செய்துகொள்வது எந்த வகைச் சுயமரியாதை என்றுதான் புரியவில்லை.

உண்மையில் என்னை உறுத்துவது கடைக்காரரின் கோபம்கூட இல்லை. அவர் பிழைப்பு அது, கத்தினார், போகட்டும். காணொளியில் என் வலப்பக்கம் நிற்கும் மூவரையும் பாருங்கள். என் மகனின் சோதனை முடிவு வந்த வாரம் என் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள். கடைக்காரர், "அக்காவுக்கு அமெரிக்கா வந்ததும் நம்ம பானை நாறுது போல" என்றபோது அவர்களில் இருவர் சிரித்தார்கள். மூன்றாமவர் பானையின் விலையை விசாரித்தார்.

அன்றிரவே அந்த மூன்றாமவர் தனிச் செய்தி அனுப்பினார்: "என் குக்கரை எங்கே சோதிப்பது? குழுவில் சொல்லிவிடாதே." கடையில் விற்கும், காரீயத்தைக் கண்டுபிடிக்க ஒற்றிப் பார்க்கும் குச்சியை நம்ப வேண்டாம், கவுண்ட்டியில் கேள், அதுவரை எவர்சில்வரில் சமை, குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய் என்று பதில் எழுதினேன். இன்றுவரை இன்னும் நான்கு பேர் அதே போலத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். குழுவில் என் பதிவின் கீழ் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

சித்திரை விழாவுக்கும் அதே கடைக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நானும் வருவேன். இம்முறை காணொளி எடுப்பவர் கேள்வியையும் சேர்த்து எடுத்தால் உபகாரமாக இருக்கும்.