தோண்டி உடைந்தது தெரியும், மிச்சப் பாட்டு?

'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' என்கிற நாட்டுப்புறப் பாட்டு தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அதற்கு விளக்கமும் எல்லோரிடமும் தயாராக இருக்கும்: ஆண்டி உயிர், குயவன் கடவுள், நாலாறு மாதம் என்றால் நாலும் ஆறும் பத்து, அதாவது கர்ப்பக் காலம், தோண்டி இந்த உடம்பு, கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்ததைக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டு உடைத்துவிட்டான். சரி, விளக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் விடுகதையை அவிழ்த்த மாதிரி இதைச் சொல்லி முடித்ததும் நமக்கு ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அது தனிப்பாட்டே இல்லை. கடுவெளிச் சித்தரின் 'ஆனந்தக் களிப்பு' என்ற நீண்ட பாட்டில் வருகிற ஒரு கண்ணி, அதாவது ஒரு சிறு பகுதி. அந்தப் பாட்டின் பல்லவியே 'பாபஞ்செய் யாதிரு மனமே' என்றுதான் தொடங்குகிறது. மற்றக் கண்ணிகளைப் படித்தால், வைதவரைக்கூடத் திருப்பி வையாதே என்கிறார், உலகமே பொய் சொன்னாலும் நீ சொல்லாதே என்கிறார், வீணாகப் பறவைகள் மேல் கல்லை எறியாதே என்றுகூடச் சொல்கிறார். பறவை மேல் கல்! பிறப்பு, இறப்பு, எமன் என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று நம் கையில் இருக்கிற கல்லைப் பார்த்துவிடுகிறார். உடம்பு உடையப் போவது ஒருவனுக்கு நிஜமாகவே உறைத்திருந்தால் அது இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில்தானே முதலில் தெரியவேண்டும்? நாம் தோண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டோம்.

(சித்தர் பாட்டெல்லாம் நாட்டுப்புறப் பாட்டா என்று சண்டைக்கு வருவீர்கள். பாம்பாட்டி மகுடி ஊதுகிற தோரணையில் 'ஆடு பாம்பே' என்று ஒருவர் பாடினார், மாணிக்கவாசகரே பெண்கள் ஆடிப்பாடும் அம்மானையையும் சாழலையும் ஊசலையும் எடுத்துக்கொண்டுதான் பாடினார். தெருவில் இருந்த மெட்டு, தெருவுக்கே திரும்பிப் போனது. எனக்கு அது போதும்.)

குறியீடு வைத்துப் பாடுவதில் இன்னொரு வசதி, யாரையும் அது நேரடியாகச் சுடாது. உடம்பு நிலையாதது என்று எந்தத் துக்க வீட்டிலும் பாடலாம், எல்லாச் சாதிக்காரர்களும் தலையாட்டுவார்கள். அதே உடம்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் இன்னொரு சித்தரான சிவவாக்கியர் 'இறைச்சி தோல் எலும்பினும் இலக்கமிட்டு இருக்குதோ' என்று கேட்டார். இங்கே தோண்டியும் இல்லை, குயவனும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பறைச்சி என்றும் பணத்தி (உயர்சாதிப் பெண்) என்றும் பிரிக்கிறாயே, அந்த வித்தியாசம் எலும்பில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்கிறார். எனக்கு இதுதான் பெரிய ஆன்மிகப் பாட்டு. விளக்கவுரையே தேவைப்படாததால்தானோ என்னவோ, 'இன்றைய தத்துவம்' என்று காலையில் படம் போட்டு அனுப்புகிறவர்கள் யாரும் இதை எனக்கு அனுப்பியதில்லை.

தோண்டிப் பாட்டைத் தாராளமாகப் பாடுங்கள், அழகான பாட்டு. அப்புறம் அடுத்த முறை வீட்டில் யாருக்காவது வரன் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற அந்தக் கூடத்திலேயே, சிவவாக்கியரையும் கொஞ்சம் சத்தமாகப் பாடிப் பாருங்கள்.