ஆர்சியில் பேரை மாற்றிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்

அந்தத் தம்பியின் வண்டி விஷயத்தில் நேற்று ராத்திரி வரைக்கும் வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வடசென்னை கொருக்குப்பேட்டையில் டெலிவரி வேலை பார்க்கிற பையன் பக்கத்துத் தெரு அண்ணனிடம் வண்டி வாங்கினான், ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பேரை மாற்றிக் கொடுக்காமலே விற்றவர் வெளிநாடு போய்விட்டார், இப்போது பையன் வண்டியை ஓட்ட முடியாமல் நிற்கிறான். முக்கால்வாசிப் பேர் எழுதியிருப்பது ஒன்றேதான்: "பேர் மாத்தாம வண்டி வாங்கினது அவன் தப்பு." அதற்கு லைக் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றவரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லையே, ஏன்? முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியையும் ஆர்சியையும் கையில் கொடுத்து, "ரெண்டு நாள்ல வந்து கையெழுத்துப் போடறேன்டா தம்பி" என்று சொல்லிவிட்டு துபாய்க்கு விமானம் ஏறியவர் அவர். பக்கத்துத் தெரு அண்ணன் சொன்ன சொல்லை நம்பினான் பையன். அவன் செய்தது அவ்வளவுதான்.

சட்டம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். சரி, சட்டத்தையே பேசுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியவர் விற்றவர். வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். ஃபார்ம் 29 என்பது விற்றவர் கொடுக்க வேண்டிய தகவல். ஃபார்ம் 30-இல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் முதலில் கை நீட்டுவது விற்றவரைப் பார்த்து. நீங்கள் மட்டும் ஏன் வாங்கியவனையே பார்க்கிறீர்கள்?

வெளிநாடு போகிறவர்கள் ஆர்சியில் பேரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"விசா வந்தா ஒரு வாரத்துல கிளம்பணும், அவருக்கு ஏது நேரம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த அவசரம் எனக்குத் தெரியும். மெடிக்கல், டிக்கெட், ஏஜென்ட் பணம், வீட்டில் அழுகிறவர்கள், எல்லாம் பார்த்த குடும்பம்தான் எங்களுடையது. என் அண்ணன் ஷார்ஜா போனபோதும் இதே அவசரம். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர், படிப்பு கிடையாது. பைக்கை விற்று டிக்கெட் எடுத்த அன்றே அண்ணனையும் வாங்கியவரையும் ஒன்றாக ஆர்டிஓவுக்கு அனுப்பிவிட்டார். "அடுத்தவன் ஓட்டற வண்டியில உன் பேரு எதுக்குடா?" என்றார். ஏஜென்டைப் பார்க்க நேரம் இருக்கிறவருக்கு, வண்டியை விற்கப் பேரம் பேச நேரம் இருக்கிறவருக்கு, கையெழுத்துப் போட மட்டும் நேரம் இல்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். அவர் போயிருக்கிற துபாயில் இப்படி ஒரு காரை விற்க முடியுமா? விற்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்துதான் பேரை மாற்ற வேண்டும். அபராதப் பாக்கி இருந்தால் கட்டிவிட்டுத்தான் மாற்ற முடியும். வாங்கியவர் பேரில் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அப்புறம்தான் முல்கியா, அதாவது அந்த ஊர் ஆர்சி, அவர் பேருக்கு வரும். நேரில் வர முடியாதவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு முறைப்படி பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே எல்லா விதிக்கும் கட்டுப்படுகிற அதே மனிதர்தான் தண்டையார்பேட்டையில் "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

அப்புறம் பார்த்துக்கொள்ள முடிகிறதா? கையெழுத்தை வாங்கி வைத்திருந்தாலும் இப்போது போதாது. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் ஓடிபி விற்றவர் நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டார். வண்டி மேல் லோன் இருந்ததால், ஆர்சியில் இருக்கிற அந்த லோன் பதிவை (ஹெச்பி) கேன்சல் செய்ய, ஆட்சேபணை இல்லை என்று பேங்க் கொடுக்கிற என்ஓசி கடிதம் வேண்டும். போய்க் கேட்டால் லோன் வாங்கியவரிடம்தான் கொடுப்போம் என்கிறார்கள். பையன் போனில் டிஜிலாக்கரை, ஆவணங்களைக் காட்டுகிற அரசு ஆப்பை, திறந்தால் ஆர்சி வராது, பேர் வேறு. இதெல்லாம் அந்தப் பையன் தப்பா?

பேர் மாற்றாத வண்டியோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்து பெரம்பூர் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். பின்னால் ஐஸ் பெட்டி கட்ட வசதி என்று ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கினார். விற்றவர் சிங்கப்பூர் போய்விட்டார். போன் அடித்தால் எடுப்பதில்லை, வீட்டில் கேட்டால் "டியூட்டில இருக்காரு". கடைசியில் அவர் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோதுதான் பிடிக்க முடிந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளையும் ஃபார்மையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு, இவர் மண்டபத்துக்குப் போனார். "நேரங்காலம் தெரியாதா உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அந்த மனிதர். அப்புறம் மொய் எழுதுகிற மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போது ஓடிபி இல்லை, அதனால் தப்பித்தோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடாமல் வந்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குப் பிச்சை கேட்கிற மாதிரி நிற்க வைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"ஆர்டிஓ ஆபீஸ்ல புரோக்கர் இல்லாம எதுவும் நடக்காது, அதான் யாரும் போறதில்ல" என்கிறவர்களுக்கு: அது வேறு சண்டை, அதையும் போடுவோம். அதைச் சொல்லி விற்றவரைக் காப்பாற்றாதீர்கள்.

"வாங்கினவங்கதான் செலவுக்குப் பயந்து பேர் மாத்தாம ஓட்டறாங்க" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்தப் பையன் அப்படியா? அவன் அனுப்பிய மெசேஜ்களை நான் பார்த்தேன். "அண்ணா, எப்ப வருவீங்க அண்ணா", "அண்ணா, ஒரு தடவ போன் எடுங்க அண்ணா". கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை.

விற்றவருக்கும் இது ஆபத்துதான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2007-இல் விற்று, கை மாறி கை மாறிப் போன கார், 2009-இல் விபத்து. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இங்கே நோட்டீஸ் வரும், வயதான அம்மாதான் கதவைத் திறந்து வாங்குவார். வாங்கியவனுக்கும் பாதுகாப்பு கிடையாது. விபத்தில் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வண்டியோடு வரும். வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ, பாலிசி அவன் பேருக்கு மாறாமல் அவனால் கிளைம் வாங்க முடியாது.

ஆனால் எனக்கு வலிக்கிற இடம் இது எதுவும் இல்லை. நேற்று ஒருவர் "அந்த ஏரியா பசங்கன்னாலே இப்படித்தான், யார் வண்டியோ" என்று எழுதிவிட்டு, அப்புறம் அழித்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன். அண்ணா நகர்ப் பையன் அப்பா பேரில் இருக்கிற வண்டியை ஓட்டினால் "அப்பா வண்டியா, போப்பா" என்பார்கள். கொருக்குப்பேட்டைப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு முதுகில் டெலிவரி பையோடு வந்தால், ஆர்சியில் வேறு பேர் இருந்தால், அடுத்த கேள்வி "எங்கடா தூக்கின?" அந்தக் கேள்வியை அவனிடம் கேட்க வைத்தது யார்? சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போன ஒருவர். அவரை நீங்கள் "பாவம், பொழைக்கப் போயிருக்கார்" என்கிறீர்கள். இந்தப் பையனும் பிழைக்கத்தான் வண்டி வாங்கினான். வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் அவன் வீட்டில் வருமானம் இல்லை.

வண்டியை விற்ற அண்ணே, நீங்கள் என் ஃப்ரெண்ட் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேற்றுக்கூட ஸ்டேட்டஸ் போட்டிருந்தீர்கள். ஒரு நாள் லீவு போடுங்கள். பேர் மாற்றவும் என்ஓசி வாங்கவும் என்று தெளிவாகப் போட்டு, உங்கள் தம்பி பேரில் பவர் எழுதுங்கள். அங்கே இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து கூரியரில் அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பழைய சிம்முக்கு இன்னும் உயிர் இருந்தால் இன்றைக்கே ரீசார்ஜ் போடுங்கள். கூரியர் செலவையும் அந்தப் பையனே தருகிறானாம். அதை அவனிடம் வாங்காதீர்கள். அட்ரஸ் இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன்.