எனக்கு 14 நாள் கெடு, அவங்களுக்கு?

சனிக்கிழமையும் அதுவுமா காலைல லெட்டர் பாக்ஸ தொறந்தா அந்த சாம்பல் கலர் கவர். பாத்ததுமே வயித்துல புளிய கரைச்சுது. இங்க ஜெர்மனில நம்மள மாதிரி ஆளுங்க விசா, பர்மிட்லாம் பாக்குற வெளிநாட்டவர் ஆபீஸ்ல இருந்து. சரி, ஒருவழியா என் புது ப்ளூ கார்ட் ரெடி போலன்னு ஆசையா பிரிச்சா, பிப்ரவரில நான் குடுத்த மூணு சேலரி ஸ்லிப்பும் பழசாயிடுச்சாம், கடைசி மூணு மாசத்துது புதுசா வேணுமாம், அதுவும் 14 நாளைக்குள்ள போய் சேரணுமாம், சேரலன்னா கைல இருக்குறத வச்சே முடிவெடுப்பாங்களாம். ஏங்க, நான் குடுக்கும்போது அது சுடச்சுட தானே இருந்துச்சு? எட்டு மாசம் உங்க மேசைல கெடந்து ஊசிப்போனதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

வெவரம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். ப்ளூ கார்ட்ங்கறது வெளிநாட்டுக்காரங்க இங்க தங்கி வேல பாக்குறதுக்கான அனுமதி, ஜெர்மனில அத அதிகபட்சம் 4 வருஷத்துக்கு குடுப்பாங்க. எனக்கு குடுக்கும்போது பாஸ்போர்ட்டே அதுக்கு முன்னாடி முடியுதுன்னு சொல்லி அந்த தேதியோட நிறுத்திட்டாங்க, ஒன்றரை வருஷம் தான் வந்துச்சு. (இங்க வர்ற ஐடியால இருக்குறவங்க, புண்ணியமா போகும், மொதல்ல பாஸ்போர்ட்ட ரெனியூ பண்ணிட்டு ஃப்ளைட் ஏறுங்க.) கார்ட் ஏப்ரல்ல முடியுது, அத புதுப்பிக்க நான் பிப்ரவரிலயே ஆன்லைன்ல எல்லாத்தையும் ஏத்திட்டேன். உடனே ஒரு ஆட்டோமேட்டிக் மெயில்: வந்து சேந்துச்சு, நிலவரம் கேட்டு மெயில் போடாதீங்க, போட்டா இன்னும் லேட் ஆகும். மெரட்டுறாங்களா தகவல் சொல்றாங்களான்னே புரியல.

இந்த 14 நாள் கூத்து வந்த முதல் நாள்ல இருந்தே என்ன தொரத்துது. குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அது தான் அன்மெல்டுங், சட்டத்துலயே இருக்கு, மீறினா 1000 யூரோ வரைக்கும் அபராதம் போடலாம். சரி பதியுறேன்னு டெர்மின், அதாங்க அப்பாயின்ட்மென்ட், தேடுனா மிக சீக்கிரமா கெடைக்குற தேதி அஞ்சு வாரம் கழிச்சு. அதாவது ரெண்டு வாரத்துக்குள்ள வான்னு சொல்றதும் அவங்க தான், அஞ்சு வாரத்துக்கு கதவ சாத்துறதும் அவங்க தான். நான் புக் பண்ண ஸ்கிரீன்ஷாட்ட பத்திரமா பர்ஸ்ல வச்சுக்கிட்டு திரிஞ்சேன், யாராவது புடிச்சா காட்டலாம்னு. போதாததுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட ஒரு தாள் வேற வேணும், அவர் அப்போ லீவுல ஸ்பெயின் போயிருந்தார்.

அதுக்கப்புறம் நம்ம பேர் பிரச்சன. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல் தானே. பாஸ்போர்ட்ல அந்த கட்டத்துல எங்கப்பா பேர போட்டிருக்கு, அதனால இந்த நாட்டுல நான் தான் எங்கப்பா. டாக்டர்கிட்ட போனா "ஹெர்"னு (நம்ம மிஸ்டர் தான்) சொல்லி அவர் பேர கூப்பிடுறாங்க, ரெண்டு மூணு தடவ நான் எந்திரிக்கவே இல்ல, வேற யாரையோன்னு நெனச்சுட்டேன். வந்த புதுசுல லெட்டர் பாக்ஸ்ல என் பேர் மட்டும் எழுதி ஒட்டுனேன், வர்ற லெட்டர் எல்லாம் அப்பா பேர்ல வருது, தபால்காரர் பாத்தார், அப்படி ஒரு ஆளே இங்க இல்லன்னு வரி நம்பர் வந்த லெட்டர திருப்பி அனுப்பிட்டார். அந்த 11 இலக்க நம்பர் இல்லாம மொத சம்பளத்துல ஆறாவது வரி வகுப்புல வரி புடிச்சாங்க, அது தான் இருக்குறதுலயே அதிகம். காசு அப்புறம் திரும்ப வந்துச்சுங்கறது வேற விஷயம், அந்த மாசம் நான் பட்டது எனக்கு தான் தெரியும். இப்போ என் பேர், எங்கப்பா பேர், என் மாமனார் பேர் மூணையும் ஒட்டி வச்சிருக்கேன், பாக்க வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கு. ஒன்னு சொல்லணும், டிவி ரேடியோ கட்டணம் மாசம் 18.36 யூரோ கட்டுன்னு வந்த லெட்டர் மட்டும் எந்த தடங்கலும் இல்லாம வந்து சேந்துச்சு. வீட்டுல டிவியே கெடையாது. இல்லன்னாலும் கட்டணும்.

ஏப்ரல் முடிஞ்சுது, கார்டும் முடிஞ்சுது. முடியுறதுக்கு முன்னாடி விண்ணப்பிச்சிட்டா பழைய உரிமை அப்படியே தொடரும், அது சட்டம், நான் இங்க இருக்குறதுலயோ வேல பாக்குறதுலயோ தப்பே இல்ல. ஆனா அத காட்டுறதுக்கு ஃபிக்ஸியோன்னு ஒரு தாள் வேணும். அந்த தாளும் அதே ஆபீஸ் தான் குடுக்கணும். அது இல்லாம ஊருக்கு போனா திரும்பி உள்ள வர முடியாது. மே மாசம் தங்கச்சிக்கு வளைகாப்பு. வீடியோ கால்ல பாத்தேன். நலங்கு வைக்கும்போது நெட்வொர்க் போயிடுச்சு.

ஜூலைல தான் டெர்மின் கெடச்சுது. கவுண்டர்ல இருந்த அம்மா ரொம்ப தன்மையா பேசுனாங்க, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, பாவம் ஒரு ரூம்ல நாலு மேசை, மூணுல ஆளே இல்ல. அவங்க அந்த தாள பிரிண்ட் எடுத்து சீல் குத்திக் குடுக்க ஆன நேரம் பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்ங்க! அந்த பத்து நிமிஷத்த ஏப்ரல்ல குடுத்திருந்தா நான் என் தங்கச்சி கைல வளையல் போட்டுட்டு வந்திருப்பேன். அதுவும் ஆறு மாசத்துக்கு தான் செல்லுமாம், ஜனவரில மறுபடியும் முதல்ல இருந்து.

எங்க ஊர் தாலுகா ஆபீஸ்ல வருமான சான்றிதழுக்கு நாயா அலைஞ்சவன் தான் நான். ஆனா அங்க மூஞ்ச பாத்து "சார் இன்னைக்கு மீட்டிங் போயிட்டார், நாளைக்கு வா தம்பி"ன்னு சொல்லவாவது ஒரு ஆள் இருக்கும். இங்க வாசல்ல செக்யூரிட்டி, டெர்மின் இருக்கான்னு கேப்பார், டெர்மின் ஏன் வரலன்னு கேக்க தாங்க வந்தேன்னா, அதுக்கும் டெர்மின் வேணும்ங்கறார்.

கூட வேல செய்ற ஜெர்மன்காரன் கூலா சொல்றான், மூணு மாசம் முடிவெடுக்காம இழுத்தா கோர்ட்ல கேஸ் போடலாம், அதுக்குன்னு தனி சட்டமே இருக்குன்னு. உண்மை தான், இருக்கு. எனக்கு கெடு தவறினா ஒரு லெட்டர் போதும், அவங்களுக்கு தவறினா நான் வக்கீல் புடிச்சு கோர்ட் ஏறணும். என் வேல, என் பொண்டாட்டி விசா எல்லாம் எந்த ஆபீஸ் கைல இருக்கோ அந்த ஆபீஸ் மேலயே கேஸ் போட எவனுக்குங்க தைரியம் வரும்?

லெட்டர்ல போட்டிருக்க தேதிய இப்போ தான் கவனிச்சேன். எழுதி ஒம்போது நாள் ஆச்சு. அது கைக்கு வந்ததுல இருந்து தான் கணக்குன்னு மனச தேத்திக்கிட்டாலும் யார்கிட்ட போய் வாதாடுறது. வீட்டுல பிரிண்டர் இல்ல, கடை எட்டு மணிக்கு சாத்திடுவான், நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஊரே மூடிக்கெடக்கும். கெளம்புறேன்.