பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அன்றிரவே யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார்கள். நான் கையைத் தூக்கியதும் பின்வரிசையிலிருந்து "சார் எழுந்துவிட்டார், இனி விடிய விடியப் பாடம்தான்" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் சொல்ல விடாமல் உட்கார வைத்துவிட்டதால் இங்கே சொல்கிறேன்: சங்கப் பணத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று அங்கே காட்டிய, பிளக்கில் செருகும் அந்த மின்சேமிப்புப் பெட்டி வீட்டு மின்கட்டணத்தைக் குறைக்காது.

மேசையில் நடந்த வித்தையிலிருந்தே தொடங்குகிறேன். விற்க வந்தவர் ஒரு சிறிய மோட்டாரை ஓடவிட்டு, கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பெட்டியைச் செருகினார். எண் சரசரவென்று இறங்கியது. கைதட்டல். அவர் பொய் சொல்லவில்லை, எண் உண்மையிலேயே இறங்கியது. ஆனால் இறங்கியது ஆம்பியர், அதாவது கம்பியில் ஓடும் மின்னோட்டம். நம் வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட் மணி, அதாவது உண்மையில் செலவான மின்னாற்றல்; நாம் யூனிட் என்பது அதைத்தான். மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பக்கத்து வீட்டு ஏணியை நீங்கள் இரவல் வாங்கி வருகிறீர்கள், உடனே திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். மறுபடி வாங்குகிறீர்கள், மறுபடி வைக்கிறீர்கள். மோட்டார் தன் காந்தப்புலத்துக்காக இப்படித்தான் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் மின்னாற்றலை வாங்கித் திருப்பித் தருகிறது. கம்பியில் போக்குவரத்து அதிகம், செலவு இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், செய்வது, அந்த ஏணியை வீட்டிலேயே ஒன்று வாங்கி வைப்பது. போக்குவரத்து குறையும், சரி. ஆனால் ஏணிக்கு யாரும் உங்களிடம் வாடகை கேட்கவே இல்லையே! இல்லாத வாடகையை எப்படி மிச்சம் பிடிப்பது?

இன்னொன்றும் அந்த மேசையில் செய்து காட்டியிருக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெட்டியை மட்டும் செருகினால் அதே கிளாம்ப் மீட்டரில் எண் ஏறும். 4 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கும் கட்டணம் வராது என்பது வேறு விஷயம். ஆனால் அப்போது கைதட்டியிருப்பீர்களா?

"தொழிற்சாலைகளில் வைக்கிறார்களே" என்று செயலாளர் கேட்டார். வைக்கிறார்கள். அங்கே திறன் காரணி, அதாவது கம்பியில் வருவதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைந்தால் தனியாக அபராதம் உண்டு. அந்த இரவல் போக்குவரத்தையும் சேர்த்து எண்ணும் கிலோவோல்ட் ஆம்பியர் கணக்கிலும் கட்டணம் உண்டு. உங்கள் சமையலறையில் தொழிற்சாலை நடந்தால் சொல்லுங்கள், நானே வாங்கி மாட்டுகிறேன். "கம்பியில் வீணாகும் சூடு குறையுமே" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி, அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி. குறையும். ஆனால் வீட்டுக் கம்பியில் வீணாவதே சொற்பம். அதிலும் பெட்டி கூடத்தில், மோட்டார் மாடியில் என்றால் இடையில் உள்ள கம்பிக்கு ஒரு லாபமும் இல்லை. "வோல்டேஜ் சீராகும்" என்றவருக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

"எங்கள் வீட்டில் குறைந்தது, நீங்கள் என்ன சொல்வது" என்பவர்களுக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் குறைந்தது.

அம்மா இருந்தபோது வாசலில் வந்த ஒருவரிடம் இதே போன்ற பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார். நான் அப்போது கல்லூரியில் முதலாண்டு. புதிதாகக் கற்ற சூத்திரங்களை எல்லாம் அம்மாவின் தலையில் கொட்டினேன். ஏமாந்துவிட்டாய் என்று கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை, பெட்டியைக் கழற்றவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மீட்டரைக் குறித்துவைக்கத் தொடங்கினார். ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் எழுந்து போய் நிறுத்தினார். கட்டணம் கொஞ்சம் குறைந்தது. "பார்த்தாயா?" என்றார். வெயில் தணிந்ததையும், அவர் நிறுத்திய சுவிட்சுகளையும் நான் எண்ணிச் சொன்னேன். அவர் பெட்டியில் எரிந்த அந்தப் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரி. சொன்ன விதம் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நிதானமாகப் பேச ஆரம்பித்தேன். பலன் என்ன என்பதைப் பார்த்தீர்கள்.

அம்மாவின் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்த அன்றிரவே அதை எடுத்துச் சோதித்தேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 75 வாட் விசிறி ஒன்றை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பழைய ரசீதின் பின்பக்கம் பென்சிலால் கோடு கோடாகக் குறித்தேன். பத்து நிமிடத்தில் 40 மினுக்கல். மேலே போய்ப் பெட்டியைச் செருகிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். 40. நடுவில் கீழே வந்த ஒருவர் "ஏதாவது தொலைந்துவிட்டதா சார்?" என்று கேட்டார். மானம்தான் என்று சொல்ல நினைத்தேன்.

பிறகு பெட்டியைப் பிரித்தேன். ஒரு மின்தேக்கி, நான்கு டையோடு, இரண்டு மூன்று ரெசிஸ்டர், அந்தப் பச்சை விளக்கு. மின்தேக்கியின் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

மிச்சம் பிடிக்க வழியே இல்லை என்றா சொன்னேன்? 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். இதையும் போன ஆண்டே சங்கத்தில் சொன்னேன். அன்றைக்கும் யாருக்கும் நேரமில்லை. மேசையில் ஓடுகிற மோட்டாரும் இறங்குகிற எண்ணும் என்னிடம் இல்லாததுதான் குறை போலிருக்கிறது.

எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு என்று ஒருவர் சொன்னாராம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடுராத்திரியில் அவர் வீட்டில் மின்சாரம் போனபோது, டார்ச்சும் டெஸ்டருமாக மூன்று மாடி ஏறிப் போனவன் நான். அன்றைக்கு அந்த நினைப்பு அவருக்கு உதவியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலில் சிரித்தவர் அவர்தான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன்.

இன்று காலை என் வீட்டுக் கதவின் கைப்பிடியிலும் பையில் போட்டு ஒரு பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெரும்பான்மை முடிவாம். பணம் சங்கக் கணக்கிலிருந்து, அதாவது என்னுடையதும் சேர்த்து. உத்தரவாத அட்டையைப் படித்தேன். விளக்கு எரியாவிட்டால் ஓராண்டுக்குள் மாற்றித் தருவார்களாம். கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

நாளை இரவு ஒன்பது மணிக்கு மீட்டர் அறையில் இருப்பேன். அவரவர் பெட்டியோடும் பென்சிலோடும் வாருங்கள். வாளி என்னிடம் இருக்கிறது.