அரசியலை யாரும் நுழைக்கவில்லை

வெள்ளத்தையும் ஒரு அப்பாவையும் மகளையும் பற்றிய அந்த மேடை நாடகத்தைக் குறை சொல்லி வந்த பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. "வெள்ளம், அப்பா மகள் பாசம் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில் அரசியலை நுழைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்ற வரியும், அதற்கு விழுந்த விருப்பக்குறிகளும்தான் எனக்குத் தாங்கவில்லை.

யாரும் நுழைக்கவில்லை. வெள்ளத்துக்குள் அரசியல் ஏற்கெனவே இருக்கிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்துவைக்கும், அதனால் கொட்டுகிற மழை மொத்தமாகக் கொட்டுகிறது. சரி, அதுவரை அறிவியல். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும், யாருக்கு முன்கூட்டியே தகவல் போகும் என்பதை மேகமா முடிவு செய்கிறது? 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. மக்களின் கைபேசிக்கு அரசு எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு மணி தாண்டியிருந்தது, பல ஊர்களில் அதற்குள் தெருவெல்லாம் ஆறு. 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இதில் அரசியலை எடுத்துவிட்டு எதை மேடையேற்றுவது, மழைச் சத்தத்தையா?

நாடகத்தைப் பிரச்சாரம் என்கிறீர்கள். அமைச்சர் பேசுகிற காட்சி நீளம்தான், பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் அப்பா கையெழுத்துப் போட்ட மனை வரைபடத்தைத் தரையில் விரித்து, மகள் தன் வீட்டை விரலால் தேடுகிறாளே, அது பிரச்சாரமா, பாசமா? பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். 1882-இல் நார்வே நாடகாசிரியர் இப்சன் எழுதிய நாடகத்தில் ஊர்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று டாக்டரான தம்பி சொல்கிறார், நகரத் தலைவராக இருக்கிற அண்ணன் வாயை அடைக்கப் பார்க்கிறார். அங்கேயும் குடும்பம் வேறு, அரசியல் வேறு என்று யாராலும் கோடு போட முடியாது.

எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கிறது. தாழ்வான இடம், வாங்காதே என்று பெரியப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். வடிகால் வந்துவிடும் என்று ஓட்டுக் கேட்க வந்தவர் சொன்னதை அப்பா நம்பினார். தண்ணீர் வடிந்த பிறகு அம்மா கல்யாண ஆல்பத்தைப் பிரித்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முகங்கள் உரிந்து வந்தன. அப்பாவும் பெரியப்பாவும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை. வடிகால் வராததும் அவர்கள் பேசாததும் எனக்கு ஒரே விஷயம்.

"எல்லாக் கட்சியும் அப்படித்தான்" என்பவர்களே, நாடகம் சொல்வதும் அதுதானே. "பொழுதுபோக்கத்தானே வந்தோம்" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

அந்தப் பதிவை எழுதியவர் எங்கள் வீட்டுச் சேற்றை எங்களோடு சேர்ந்து அள்ளியவர். அதுதான் எனக்கு வலிக்கிறது. அண்ணா, உங்களிடமே கேட்கிறேன்: அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று வாய் ஓயாமல் அரசியல்வாதிகளைத் திட்டினீர்களே, அதே கோபத்தை ஒரு பெண் மேடையில் பேசினால் மட்டும் ஏன் கதை கெட்டுப்போகிறது?